இருநூற்றுப் பதினேழாம் பெயர்

சந்திரகாந்தி போய் ஆறு மாதம் கழிந்தும் அவளுடைய கப்பல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நோயாளிக் கட்டிலை மூன்றாம் நாளே இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சேலைகளை மகள் சிவப்பிரியா ஊன்ட்றொப் கோயிலுக்கு வரும் பெண்களுக்குக் கொடுத்து முடித்தாள். சக்கர நாற்காலி, மருந்துப் பெட்டி, குளியலறைப் பிடிகள் என்று ஒவ்வொன்றாய் இடத்தைக் காலி செய்தன. கப்பல் மாத்திரம் பதினொரு ஓர்ட்னர்களில், அந்தத் தடித்த கோப்புகளின் முதுகில் அவளுடைய குண்டு எழுத்தில் இலக்கமிட்டபடி, சாப்பாட்டு அறை அலுமாரியின் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டு நின்றது.

அவளுடைய புருசன் விஜயரத்தினத்துக்கு அதைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. எண்பத்து நான்கு வயதில் மனிதனுக்கு அலுப்பு ஒரு உறுப்புப்போல ஆகிவிடுகிறது. காலையில் எழும்பும்போது அதுவும் கூட எழும்பும். இந்தக் கப்பல் அவளுடைய கடைசிப் பன்னிரண்டு வருடங்களைத் தின்றது என்பது அவருடைய எண்ணம். பீலெஃபெல்ட் வெதுப்பகம் ஒன்றில் இருபது வருடம் விடியற்காலையில் பாண் சுடும் வேலை செய்து ஓய்வுபெற்ற கையோடு, கணினி வகுப்புக்குப் போய்த் தட்டச்சுப் பழகி, லண்டனுக்கும் ஹேக்குக்கும் தோக்கியோவுக்கும் கடிதம் எழுதத் தொடங்கியவள் அவள். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். முத்திரை ஒட்டிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் அந்தக் கப்பலில் ஏறியதில்லை.

ஆனாலும் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் காதில் விழாமல் போகுமா? கசநாமி மாரு. 1919இல் ஒரு ஜப்பானியக் கரித் தரகர் கட்டுவித்த சரக்குக் கப்பல். இருபது வருடம் கரியும் மரமும் ஏற்றியது. சண்டை வந்ததும் படைக்கு எடுத்தார்கள். முதலில் சிப்பாய்களையும் அவர்களுடைய குதிரைகளையும் ஏற்றினார்கள், பிறகு அரிசி, பிறகு ஆட்கள். சுமாத்திராவில் ரெயில் பாதை போட மலாயாவில் பிடித்த கூலிகளை இறக்கிய அடித்தட்டில் அப்போதும் குதிரை நாற்றம் போகவில்லை என்று தப்பிய ஒருவர் எழுதி வைத்திருந்தார். மூங்கில் பரண் அடித்து, ஒருவன் குந்தியிருந்தால் தலை முட்டும் உயரத்தில் மூன்று அடுக்கு. சிங்கப்பூரால் புறப்பட்ட நாலாம் நாள், கடிகாரத்தில் பின்னேரம் ஏழு மணி, வெளிச்சத்தில் ஐந்தரை. ஜப்பான்காரன் பிடித்த நாட்டிலெல்லாம் தோக்கியோ நேரத்தையே ஓட விட்டவன். அந்த நேரத்தில் ஒரு பிரித்தானிய நீர்மூழ்கி விட்ட இரண்டு டோர்பிடோக்கள் அதன் வயிற்றில் பட்டன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு கொடிகூடக் கப்பலில் இருக்கவில்லை.

அந்தக் கப்பலில் தன்னுடைய தகப்பன் இளையதம்பி இருந்தாரா இல்லையா என்பதுதான் சந்திரகாந்தியின் கேள்வி. கோலாலம்பூர் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். சண்டை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பிள்ளைத்தாய்ச்சியான மனைவியை நாற்பத்தொன்றாம் ஆண்டு கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் நின்றுகொண்டார். பிள்ளை பிறந்த செய்தி அவருக்குக் கிடைத்ததா என்பதே தெரியாது. மாமி, அதாவது சந்திரகாந்தியின் தாய், முப்பது வருடம் பொட்டோடு இருந்து, பொட்டோடு எரிந்தாள். செத்ததற்குச் சாட்சி இல்லாதவனுக்கு விதவையாக இருக்க அவள் சம்மதிக்கவில்லை.

தாய் அழிக்காத பொட்டை மகள் எப்படி அழிப்பது? ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். தகப்பன் உயிரோடு இருக்க ஒரு பிள்ளை அந்த விரதத்தைப் பிடித்தால் அது அவருக்கு நாள் குறிப்பதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு வருடமும் சந்திரகாந்தி விஜயரத்தினத்தின் விரதத்துக்குச் சமைப்பாள். அந்த நாளுக்கென்றே வாங்கும் காத்தோட்டிக்காயைக் கசப்புப் போகப் பொரித்து, அவர் தன் தகப்பனுக்குப் படைத்துச் சாப்பிடும்வரை பார்த்திருப்பாள். காலையிலேயே பாணைத் தின்றுவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவாள், வேண்டுமென்று. எண்பது வயதிலும் அப்படித்தான். தகப்பனுக்கு அப்போது நூற்றுப் பத்து வயது இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆராவது ஒராள் எனக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் ஒருக்காலாவது விரதம் பிடிச்சிட்டுப் போகவேணும்."

அவர் இரண்டையும் சொல்லவில்லை. தை மாதம் அவள் போனாள்.

ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை யோகேஷ் வந்தான். மறுநாள் ஆடி அமாவாசை. யோகேஷ் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, வால்டோர்ஃபில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவனுடைய தாத்தாவின் அண்ணன் மலாயாவின் பேராக் தோட்டத்திலிருந்து பிடிபட்டு அதே கப்பலில் போனவர், ஏற்றப்பட்டவர்களின் பட்டியலில் தொண்ணூற்றெட்டாவது. அந்தப் பட்டியலை இணையத்தில் போட்டு, உறவுகளைத் தேடிச் சேர்ப்பது அவனுடைய ஓய்வு நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்திரகாந்தியோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுவான். இப்போது ஓர்ட்னர்களை ஏற்றிப் போக வாடகைக் காரில் நாலு மணி நேரம் ஓடி வந்திருக்கிறான். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று விஜயரத்தினம் காலையிலிருந்து காத்திருந்தார்.

யோகேஷ் உடனே எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நாலாம் ஓர்ட்னரை மடியில் வைத்துப் பிரித்தான். அதில் பட்டியலின் படப்பிரதி இருந்தது. கோலாலம்பூரில் ஆட்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தபோது ஒரு தமிழ்க் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியது, சாய்ந்த அழகான எழுத்து. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஆறாம் பக்கத்தில் ஒரு பெயரைச் சந்திரகாந்தி சிவப்புப் பேனையால் வெட்டி, ஓரத்தில் எழுதியிருந்தாள்: பிழை. இவர் 1946இல் ஊருக்கு வந்தவர்.

"அங்கிள், இந்த டூ செவன்டீன், நடேசன், ரெயில்வே கிளார்க். ஆன்ட்டி அடிச்சிருக்காங்க. நான் சைட்லேர்ந்து டெலீட் பண்ணணும்னா காரணம் எழுதணும். அதான் கேக்கறேன்."

"அவர் சாகேல்லைத் தம்பி. எங்கடை கலியாணத்திலை தகப்பன் இடத்திலை நிண்டு தாரை வார்த்தவர். கடலுக்கை தாண்ட மனிசன் எப்பிடித் தாரை வார்க்கிறது?"

நடேசரை அவருக்கு நன்றாகத் தெரியும். இளையதம்பியோடு கோலாலம்பூரில் ஒரே ரெயில்வேக் குவாட்டர்சில் இருந்தவர், ஒரே ஊர். சண்டை முடிந்து எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்தார். இளையதம்பி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், மலேரியாவோடு தான் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், திரும்பி வந்தபோது குவாட்டர்ஸ் பூட்டிக் கிடந்ததாகவும் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. சந்திரகாந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் பழக்கியது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் நடேசு மாமாதான். அவருடைய பெயர் பட்டியலில் கிடந்ததைக் கண்டதும் அவளுக்குப் பட்டியல் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. உயிரோடு இருப்பவரைச் செத்தவராய் எழுதிய பட்டியலில் தகப்பனின் பெயர் இல்லாதது எதற்குச் சாட்சி? அதற்குப் பிறகு அவள் வேறு கப்பல்களைத் தேடப் போனாள். ஐந்து தொடக்கம் பதினொன்று வரையான ஓர்ட்னர்கள் அந்த வேறு கப்பல்கள்.

யோகேஷ் தலையாட்டினான், ஆனால் ஓர்ட்னரை மூடவில்லை. தன் பையிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்தான். கப்பலிலிருந்து தப்பிய ஒரு ஜப்பானியக் காவலன் சட்டைப்பையில் கரை சேர்த்த தாள், இது ஏப்ரல் மாதம்தான் கிடைத்தது என்றான், ஆன்ட்டி பார்க்கவில்லை. கப்பல் புறப்பட்ட இரண்டாம் நாள், நடுக்கடலில், ஆட்களைத் தட்டுக்கு ஏற்றி ஜப்பானியர் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பெயருக்குக் குரல் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் செத்துப்போன ஏழு பேருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி இருந்தது. மற்றவர்களுக்குச் சிறு கோடு.

"டூ செவன்டீனுக்கு கோடுதான் அங்கிள் இருக்கு. அப்போ எழுத்துப் பிழையா இருக்க முடியாது. நடுக்கடல்ல ஒரு ஆள் நின்னு, ப்ரெசன்ட்னு சொல்லியிருக்கார்."

விஜயரத்தினம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். சின்னக் கோடு. பென்சிலால் போட்டது.

அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது நடேசரும் இல்லை, இளையதம்பியும் இல்லை. பென்ஜமின். 1985இல் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாய்க் கிழக்கு பெர்லினுக்கு அவர் வந்தபோது அவருடைய சொந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடந்து இழுபட்டது. ஏஜென்சிக்காரன் மன்னாரைச் சேர்ந்த பென்ஜமின் என்ற கத்தோலிக்கனின் பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்தான். மொஸ்கோவில் ஒரு பெண் சிப்பாய் பெயரைக் கூப்பிட்டபோது அவர் பேசாமல் நின்றார். பின்னால் நின்ற பெடியன் விலாவில் இடித்த பிறகுதான் கையை உயர்த்தினார். நெற்றியில் விபூதி இல்லை என்பதே அந்த நேரத்தில் பெரிய நிம்மதி. சந்திரகாந்தி மூன்று வருடம் கழித்துப் பிள்ளையோடு வந்து சேர்ந்து கதையைக் கேட்டவள், சாகும்வரை அதை விடவில்லை. பென்ஜமினுக்குத் தேத்தண்ணி வேணுமோ என்பாள். பென்ஜமின் இண்டைக்குப் பூசைக்குப் போகேல்லையோ என்பாள்.

அந்த விமானம் விழுந்திருந்தால் பட்டியலில் பென்ஜமின் செத்திருப்பான். மன்னாரில் ஒருவன் தன் மரணச் செய்தியைத் தானே பேப்பரில் வாசித்திருப்பான். சந்திரகாந்தி விஜயரத்தினத்தை வருடக்கணக்காய்த் தேடிக்கொண்டு இருந்திருப்பாள்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பகிடியை ஒரே மேசையில் இருந்து சொல்லியும் கேட்டும் சிரித்திருக்கிறார்கள். அதே மேசையில்தான் இந்தப் பட்டியலும் கிடந்தது.

"தம்பி, நடேசர் ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரம் அவற்றை பேருக்கு ஆள் கேட்டிருப்பாங்கள். பேருக்கு ஆள் இல்லாட்டி என்ன செய்வாங்கள்?"

ஆள் குறைந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே இழுத்துப் போனதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள் என்று யோகேஷ் சொன்னான். மலேரியாக்காரர் மூங்கில் பரணில் இரண்டு நாள் தாங்கமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும் என்றும் சொன்னான். பிறகு அவனுக்கும் விளங்கியது. தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"இது நம்ம கெஸ் தானே அங்கிள். வேற யாராவதும் போயிருக்கலாம்."

போயிருக்கலாம். விஜயரத்தினம் எழும்பிப் போய் பல்கனிக் கதவைத் திறந்தார். கீழே டிராம் வந்து நின்று, ஒருவரையும் ஏற்றாமல் போனது. வேறு யாரோ போயிருக்கலாம் என்று விட்டுவிட்டால் ஓர்ட்னர்கள் ஒரு மணி நேரத்தில் காருக்குள் போய்விடும், அவர் போய்ப் படுக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் கீரிமலை நினைவு வந்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு, கலியாணம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. விஜயரத்தினம் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போனார். கேணியில் முழுகி ஏறும்போது, ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் நடேசர் குந்தியிருப்பதைக் கண்டார். கண்டு திகைத்துப்போனார். நடேசரின் தகப்பன் சின்னத்தம்பியர் கல்லுப்போல வீட்டில் இருந்தார். முதல் நாள்தான் வேலிச் சண்டைக்குக் கத்தியோடு போனவர். ஐயர், ஆருக்கு, பேர் என்ன என்று கேட்டார். நடேசர் தர்ப்பையைச் சரிசெய்தார். ஐயர் திரும்பக் கேட்டார்.

"பேர் சொல்லாமலே விடுங்கோ ஐயா. அவருக்குத் தெரியும்."

விஜயரத்தினத்தைக் கண்டதும் நடேசர், சும்மா கூட்டுக்கு வந்தனான் தம்பி என்று சிரித்தார். கூட்டுக்கு வந்தவர் ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அது ஒவ்வொரு வருடமும் நடக்கும் கூத்து என்றும் தெரிந்தது. ஆடி அமாவாசை வந்தால் சின்னத்தம்பியர் வாசலில் நின்று ஊருக்குக் கேட்கக் கத்துவார்.

"நான் இன்னும் சாகேல்லையடா. நீ ஆற்றை அப்பனுக்கடா பட்டினி கிடக்கிறாய்?"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. காணி எழுதித் தராத கிழவனை விரதம் பிடித்தே அனுப்பப் பார்க்கிறான் என்றது. சந்திரகாந்தியும் சிரித்தாள். அவளுடைய கலியாண வீட்டில் தண்ணீர் வார்க்கும்போது மாமா செம்பைத் தட்டில் இடித்ததையும், அது சந்தோசத்தில் என்று ஆச்சிமார் சொன்னதையும் அவள் அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

மாமி பொட்டோடு எதிர் வீட்டில் இருக்கும்போது நடேசர் அந்தப் பெயரை எப்படிச் சொல்வார்? மாமி எழுபத்தோராம் ஆண்டில் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். என்னுடைய பெயருக்கு உன்னுடைய அப்பா போனவர் என்று, தான் சைக்கிள் பழக்கிய பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இளையதம்பி தானாகப் போனாரா, சிநேகிதன் கேட்டுப் போனாரா, ஜப்பான்காரனின் துவக்குக்குப் பயந்து போனாரா என்பது நடேசருக்கு மட்டும் தெரிந்த விசயம். எண்பத்து மூன்றாம் ஆண்டு அவரோடு அது எரிந்துவிட்டது.

விஜயரத்தினம் கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். யோகேஷுக்கு இதைச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. ஊர்ப் பக்கத்து விரதம் அவனுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தகப்பன் உயிரோடு இருக்க எள்ளுத் தண்ணி இறைக்க மாட்டார்கள் என்பது தெரியும். கேட்டு முடிந்ததும் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அப்போ டூ செவன்டீனை என்ன பண்றது அங்கிள்?"

"வெட்டாதேங்கோ. நடேசர் எண்டே கிடக்கட்டும். பக்கத்திலை எழுதுங்கோ, இந்தப் பேருக்குக் குரல் குடுத்தவர் இளையதம்பி எண்டு."

யோகேஷ் எழுதினான். பிறகு தயங்கினான். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் கேட்கும் ஒரு கட்டம் அவனுடைய பக்கத்தில் இருந்தது, வெறுமையாக விட முடியாது.

"சோர்ஸ்னு என்ன போடறது?"

"விரதம் பிடிச்சவர் எண்டு போடுங்கோ."

"அங்கிள்?"

"நடேசர் தகப்பன் உயிரோடை இருக்கத்தக்கனை விரதம் பிடிச்சவர். கண்டது நான். என்ரை பேரைப் போடுங்கோ. பென்ஜமின் எண்டில்லை, என்ரை பேரை."

யோகேஷுக்குக் கடைசி வசனம் விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. ஓர்ட்னர்களை இரண்டிரண்டாய்த் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். விஜயரத்தினம் நாலாவதை மட்டும் தன் கையால் கொண்டுபோய்க் காரில் வைத்தார். மேலே வந்தபோது அலுமாரித் தட்டுகளில் தூசிக்கு நடுவே பதினொரு வெறும் கட்டம் இருந்தது. நினைத்திருந்த நிம்மதி வரவில்லை. கால் வலித்தது.

மறுநாள் சிவப்பிரியா பத்து மணிக்குக் காத்தோட்டிக்காய்ப் பொதியோடும் வாழையிலையோடும் வந்தாள். வழக்கமாய்த் தாய் செய்த சமையலை அவள் தொலைபேசியில் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துச் செய்தாள். காய் கொஞ்சம் கருகியது. ஒரு மணிக்கு விஜயரத்தினம் முழுகிவிட்டு வந்து, சுவாமிப் படத்துக்கு முன்னால் மூன்று இலை போட்டார்.

"ஏனப்பா மூண்டு? உங்கடை அப்புவுக்கு ஒண்டுதானே?"

அவர் சொன்னார். யோகேஷுக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக. அவள் கரண்டியைக் கையில் வைத்தபடி கேட்டாள். முடிந்ததும் கரண்டியை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியாமலே போட்டுது."

"ஓம்."

"தெரிஞ்சிருந்தா நடேசு தாத்தாவோடை கோவிச்சிருப்பாவோ?"

விஜயரத்தினம் எள்ளுக் கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார்.

"பென்ஜமினோடை முப்பத்தைஞ்சு வரியம் இருந்தவள். ஆனா எனக்குத் தெரியாது பிள்ளை."

சோறும் கறியும் மூன்று இலைக்கும் பகிர்ந்தார். இங்கே ஐயர் இல்லை, பெயர் கேட்க யாருமில்லை. எள்ளை உள்ளங்கையில் எடுத்து முதலில் தன் தகப்பனின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். பிறகு இரண்டாவது இலைக்கு முன்னால் கையைப் பிடித்தார். நாவில் அந்தப் பெயர் ஏதோ கூடாத காரியம்போல ஒரு கணம் நின்றது. சந்திரகாந்தி காலையில் தின்ற பாண்களெல்லாம், மாமியின் பொட்டெல்லாம் அந்தப் பெயரைத்தான் இவ்வளவு காலமும் பிடித்து வைத்திருந்தன.

"இளையதம்பி," என்றார். மகளுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். தண்ணீர் விரலிடுக்கால் ஓடித் தட்டில் விழுந்தது.

மூன்றாவது இலைக்கு நடேசரின் பெயரைச் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

பிறகு சாப்பிட இருந்தார். விரதத்தில் இருந்தவர் என்பதால் பசித்தது. கருகின காயைச் சிவப்பிரியா பொறுக்கி எடுக்கப் பார்த்தாள். கிடக்கட்டும் என்று அவர் மறித்துவிட்டுச் சாப்பிட்டார். கசந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பவும் எடுத்தார்.